6.30 மணியா, 6.30 லட்சமா? எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் தடுமாறும் இடங்கள்

மழைக்காலத்தில் சேலம் மாவட்டச் செய்திகளில் அன்றாடம் வருவது போன்ற ஒரு பத்தி, மாதிரிக்காக:

“காலை 8.00 மணி நிலவரப்படி மேட்டூர் அணையின் நீர்மட்டம் 112.35 அடி, நீர் இருப்பு 81.87 டி.எம்.சி. ஏற்காட்டில் 42.6 மி.மீ. மழை பதிவானது. சேத மதிப்பு ரூ.6.30 லட்சம். 5-ம் தேதி வரை மழை நீடிக்கும்.”

கண்ணால் படிப்பவருக்கு இதில் குழப்பமே இல்லை. இதையே கைபேசியில் ‘செய்தியைக் கேட்க’ என்ற பொத்தானை அழுத்தியோ, பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் வழியாகவோ கேட்டால் நிலைமை வேறு. ‘மி’ என்று சொல்லி ஒரு நிறுத்தம், ‘மீ’ என்று சொல்லி இன்னொரு நிறுத்தம் வரலாம். ‘ரூ’ என்று நிறுத்தி, ‘ஆறு’ என்று நிறுத்தி, பிறகு ‘முப்பது லட்சம்’ என்று குரல் தொடரலாம். அப்போது கேட்பவர் காதில் தங்குவது முப்பது லட்சம்தான். ‘ஐந்து ம் தேதி’ என்று விட்டுவிட்டுச் சொல்வதும் உண்டு.

இன்றைய குரல்கள் தெளிவாகவும் இனிமையாகவும் இருப்பதால் ‘இவ்வளவு நன்றாகப் பேசும் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்க் கணக்கு வாசிக்கத் தெரியாதா?’ என்ற கேள்வி எழுகிறது. தவறு குரலில் இல்லை. அதற்கு முந்தைய படியில், இந்த எழுத்துக்களும் குறிகளும் எந்தச் சொற்களைக் குறிக்கின்றன என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது. அந்த முடிவுக்குத் தேவையான தடயங்களைத் தமிழ் எழுத்துமுறை குறைவாகவே தருகிறது. மீதியைத் தரவேண்டியவர்கள் எழுதுபவர்கள்.

குரலுக்கு முன்னால் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு வேறுபாடு. சேலம் சந்திப்பில் ஒலிக்கும் ரயில் அறிவிப்பு போன்றவை பெரும்பாலும் முன்பே பதிவு செய்த துண்டுகளைக் கோத்து ஒலிபரப்புபவை. ஊர்ப்பெயரும் ‘நடைமேடை’ என்ற சொல்லும் பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரையான எண்களும் அங்கே தனித்தனிப் பதிவுகள். எழுத்தை வாசிக்கும் வேலையே அதில் கிடையாது. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் பேசவேண்டிய மென்பொருள் வேறு இனம். அதன் வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கிறது:

1. வாக்கியம் எங்கே முடிகிறது என்று பிரித்தல்.
2. வாக்கியத்தைச் சொல், எண், குறி என்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் எந்த வகை என்று குறித்தல். சாதாரணச் சொல், நேரம், தேதி, பணம், அளவு, தொலைபேசி எண், சுருக்கம் என்று வகைகள் பல.
3. சொல்லல்லாத துண்டுகளை முழுச் சொற்களாக விரித்தல். இதையும் முந்தைய படியையும் சேர்த்து உரைச் சீராக்கம் எனலாம்.
4. எழுத்துக்களை ஒலிகளாக மாற்றுதல். ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு எந்த ஒலி என்று முடிவாவது இங்கே.
5. எங்கே நிறுத்தம், எங்கே குரல் ஏற்றம், எங்கே இறக்கம் என்று வகுத்தல்.
6. ஒலி அலையை உருவாக்குதல்.

கேட்பவர் மெச்சுவது ஐந்தாம், ஆறாம் படிகளை. மேலே கண்ட தவறுகள் முதல் நான்கு படிகளில் நடப்பவை. முதல் படியில் பிசகினால் பின்னால் வரும் எதுவும் அதைத் திருத்தாது. தவறான வாக்கியத்தையும் நம்பிக்கையான குரலில் சொல்லி முடித்துவிடும்.

ஒரு புள்ளி, பல வேலை

தமிழ்ச் செய்தி நடையில் புள்ளிக்கு இருக்கும் வேலைகளைப் பாருங்கள்.

1. வாக்கிய முடிவு.
2. சுருக்கக் குறி: மி.மீ., டி.எம்.சி.
3. பதின்மப் புள்ளி: 112.35 அடி.
4. நேரம்: காலை 8.00 மணி.
5. தேதி: 5.11.2025.
6. பெயரின் முன்னெழுத்து.
7. ரூபாய்க்கும் காசுக்கும் இடைப்பட்ட பிரிப்பு: ரூ.6.30.

‘6.30’ என்று மட்டும் கொடுத்தால் மனிதராலும் சொல்ல முடியாது. ‘6.30 மணி’ என்றால் ஆறு முப்பது அல்லது ஆறரை. ‘6.30 அடி’ என்றால் ஆறு புள்ளி மூன்று பூஜ்ஜியம். ‘ரூ.6.30’ என்றால் ஆறு ரூபாய் முப்பது காசு. ‘ரூ.6.30 லட்சம்’ என்றால் நம் வாயில் வருவது ஆறு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். ஆகவே மென்பொருள் எண்ணை விட்டு அதன் இருபுறமும் பார்க்கிறது. வலப்புறம் மணி, அடி, லட்சம் ஆகியவற்றில் எது நிற்கிறது? இடப்புறம் காலை, மாலை, ரூ. இருக்கிறதா? புள்ளிக்குப் பின்னால் 60 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வந்தால் அது நேரமாக இருக்காது என்ற கணக்கும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ‘6.30 மணி நேரம் மின்தடை’ என்ற தொடர் தப்பிவிடும். ஆறரை மணி நேரமா, ஆறு மணி பதினெட்டு நிமிடமா? எழுதியவருக்கே வெளிச்சம்.

மாதிரிப் பத்தியில் இன்னொரு சிக்கலான இடம் இருக்கிறது. ‘81.87 டி.எம்.சி. ஏற்காட்டில் 42.6 மி.மீ. மழை’. ‘சி’-க்குப் பின்னால் உள்ள புள்ளி சுருக்கத்தின் புள்ளி. அதுவே வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும்கூட. ஆங்கிலத்தில் அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது ஒரு தடயம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. சுருக்கத்தின் புள்ளியை முடிவாக எண்ணக்கூடாது என்று விதி வைத்த மென்பொருள், அணையின் நீர் இருப்பை நிறுத்தாமல் ஏற்காட்டோடு சேர்த்துச் சொல்லிவிடும். எல்லாப் புள்ளியும் முடிவுதான் என்று விதி வைத்த மென்பொருளோ மி.மீ.யை மூன்று வாக்கியமாக்கும். ஒரு விதியைத் தளர்த்தினால் மற்றொன்று கெடும் என்பதுதான் இந்தத் துறையின் அன்றாடம்.

சுருக்கம்: மூன்று வழிகள்

சுருக்கத்தை வாசிக்க மூன்று வழிகள்தான் உண்டு: விரித்துச் சொல்வது, எழுத்தெழுத்தாகச் சொல்வது, ஒரே சொல்லாகச் சொல்வது. எதை எப்படி என்பதற்கு எழுத்தில் விதி கிடையாது. மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் விதி.

கி.மீ. என்பதைக் கிலோமீட்டர் என்று விரிக்கவேண்டும். அதே ‘கி’-யில் தொடங்கும் கி.பி.யை ‘கிறிஸ்துவுக்குப் பின்’ என்று விரித்தால் கேட்கச் செயற்கையாக இருக்கும். வகுப்பறையிலும் பேச்சிலும் ‘கி.பி.’ என்றேதான் சொல்கிறோம். மு.ப., பி.ப. இரண்டையும் முற்பகல், பிற்பகல் என்று விரிப்பதே சரி. டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி. ஆனால் மேட்டூரிலும் டெல்டாவிலும் விவசாயிகள் நாவில் அது டி.எம்.சி.தான். அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யை ‘ஆயிரம் மில்லியன் கன அடி’ என்று விரிக்கும் மென்பொருள், தெரிந்த ஒன்றைத் தெரியாததாக்குகிறது. விரிப்பதெல்லாம் உதவி என்று எண்ணுவது தவறு.

நிறுவனப் பெயர்களிலும் இதே கதைதான். சேலம் உருக்காலையை நடத்தும் செயில், மேக்னசைட் எடுக்கும் டான்மேக், ஜவ்வரிசிக் கூட்டுறவான சேகோசர்வ் ஆகியவை ஆங்கில முதலெழுத்துக்களிலிருந்தும் சொல் துண்டுகளிலிருந்தும் பிறந்தவை. வழக்கில் ஒரே சொல்லாக ஒலிக்கின்றன. எஸ்.பி.ஐ., பி.எஸ்.என்.எல். ஆகியவை எழுத்தெழுத்தாக ஒலிக்கின்றன. இவை ஆங்கில எழுத்திலேயே தமிழ்ப் பத்திக்குள் வந்தால் கூடுதல் சிக்கல்: மென்பொருள் குரலையே ஆங்கிலத்துக்கு மாற்றலாம், அல்லது உயிரெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சொல்லாக உச்சரிக்க முயலலாம்.

ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள் இருக்கும்போது நிலைமை இன்னும் கடினம். சேர்வராயன் மலையில் காப்பி தரம் பிரிக்கும் இடத்தில் ‘பி.பி.’ என்றால் ஒற்றை விதையாக உருண்டு விளையும் பீபெர்ரி கொட்டை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘பி.பி.’ என்றால் ரத்த அழுத்தம். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்களும் இடம் மாறி நிற்பதால் வேறுபாடு தெரியும். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தெழுத்தாக வாசித்தால் பிழையில்லை. விரிக்கப் போனால்தான் ஆபத்து.

ஊர்ப்பெயர்ச் சுருக்கங்கள் இதைவிடத் தந்திரமானவை. ‘தி.மலை’ திருவண்ணாமலை, ‘ப.வேலூர்’ பரமத்திவேலூர் என்பது வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ‘பெ.நா.பாளையம்’? சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் பக்கத்தில் பெத்தநாயக்கன்பாளையம் இருக்கிறது. கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம் இருக்கிறது. இரண்டுக்கும் அதே முதலெழுத்துக்கள். அச்சிட்ட காலத்தில் மாவட்டப் பதிப்பே பொருளைச் சொல்லிவிட்டது. இணையத்தில் அந்தச் செய்தி பதிப்பை இழந்து தனியாக நிற்கிறது. பொருள் தெரியாதபோது விரிக்காமல் விடும் மென்பொருளே நம்பத்தக்கது என்பது எங்கள் கருத்து. தவறாக விரித்தால், தவறு நடந்தது என்பதைக்கூடக் கேட்பவரால் கண்டுபிடிக்க முடியாது.

புள்ளியை விட்டுவிட்டு எழுதும் வழக்கமும் ஒலியைக் கெடுக்கிறது. தி.மு.க., பா.ம.க. என்பவற்றை ‘திமுக’, ‘பாமக’ என்று சேர்த்தெழுதினால் மென்பொருளுக்கு அவை சாதாரணச் சொற்கள். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் நிற்கும் ‘க’ தமிழில் மெலிந்து ஒலிக்கும் அல்லவா? ‘முகம்’ என்பதில் வரும் ‘க’வைப் போல. அந்த விதிப்படி கடைசி ‘க’ மெலிந்துவிடுகிறது. நாம் வாயால் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்தையும் தனித்து, வல்லின ‘க’வாகவே சொல்கிறோம்.

எண்ணோடு ஒட்டும் உருபுகள்

தமிழில் எண்ணைச் சொல்லாக்குவது பட்டியலைப் பார்த்து மாற்றும் வேலையல்ல. 112 என்பது ‘நூறு பன்னிரண்டு’ அல்ல, நூற்றுப் பன்னிரண்டு. ஏற்காட்டின் உயரமான 1,515 மீ. ‘ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்து மீட்டர்’ ஆகவேண்டும். 12,50,000 என்பதை லட்சக் கணக்கில் சொல்லவேண்டும். மேலைநாட்டுக் கணக்கில் எழுதிய மென்பொருள் காற்புள்ளி இடம் மாறி இருப்பதைப் பார்த்து மூன்று தனி எண்களாக உடைத்துவிடுவதும் நடக்கும்.

உருபு சேரும்போது எண்ணின் கடைசிச் சொல்லே மாறுகிறது. 3-ல் என்றால் மூன்றில். 1,000-ல் என்றால் ஆயிரத்தில். ‘ஆயிரம் ல்’ என்று வாசித்தால் அது தமிழே அல்ல. ‘5-ம்’ இன்னும் நுட்பம். ‘5-ம் தேதி’ ஐந்தாம் தேதி. ‘ஓமலூரில் 5-ம், ஆத்தூரில் 3-ம் சேதமடைந்தன’ என்றால் ஐந்தும், மூன்றும். பின்னால் தேதி, வகுப்பு, ஆண்டு, எண் போன்ற சொல் நின்றால் ‘ஆம்’. இல்லையென்றால் ‘உம்’ என்பது ஓரளவு பலன் தரும் விதி.

சில எண்களை எண்ணாக வாசிக்கவே கூடாது. ஏற்காட்டின் அஞ்சல் குறியீடு 636601 ‘ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து அறுநூற்று ஒன்று’ என்று ஒலித்தால் யாரும் குறித்துக்கொள்ள முடியாது. ரயில் எண்ணும் தொலைபேசி எண்ணும் இலக்கம் இலக்கமாக வரவேண்டும். சேலத்தின் 0427 என்ற குறியீட்டில் முதல் பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டு ‘நானூற்று இருபத்தேழு’ என்று சொல்வது வழக்கமான பிழை.

கோரிமேடும் கொண்டலாம்பட்டியும்

இனி நான்காம் படி: எழுத்திலிருந்து ஒலி. தமிழுக்கு இது எளிது என்று பொதுவாகச் சொல்வார்கள். எழுதுவதைப் போலவே வாசிப்பதால் ஆங்கிலத்தைவிட எளிது என்பது பாதி உண்மை.

க, ச, ட, த, ப என்ற எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகள் உண்டு. தூய தமிழ்ச் சொற்களில் எந்த இடத்தில் எந்த ஒலி என்பதற்கு ஒழுங்கான விதி இருக்கிறது:

1. சொல்லின் முதலில் வல்லொலி: கல், பல்.
2. இரட்டித்தால் வல்லொலி: பக்கம், பட்டம்.
3. மெல்லினத்துக்குப் பின் ஒலிப்புடை ஒலி, அதாவது தொண்டையில் அதிர்வோடு பிறக்கும் ஒலி: தங்கம், பந்து.
4. இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெலிந்த ஒலி: அகம், அது.

ஈஸ்பீக் என்ஜி போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இத்தகைய விதிகள் மொழிக்கு ஒரு விதிக்கோப்பாகவும், விதிக்கு அடங்காத சொற்கள் தனிப் பட்டியலாகவும் இருக்கின்றன. றகரமும் விதிக்குள் அடங்கும்: ஏற்காட்டில் வரும் ற், வெற்றியில் வரும் ற்ற, கன்றில் வரும் ன்ற மூன்றும் அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்தே பிரிந்துவிடும்.

முதல் விதி உடைவது கடன் சொற்களிலும் பெயர்களிலும். காந்தி, குரு, பயம், பூமி, பஸ் எல்லாம் ஒலிப்புடை ஒலியில் தொடங்குகின்றன. எழுத்தில் அடையாளம் இல்லை. சேலம் நகருக்குள்ளேயே ஒரு சுற்று வாருங்கள். கிச்சிப்பாளையம், கன்னங்குறிச்சி, கொண்டலாம்பட்டி மூன்றிலும் வல்லொலி ‘க’. ஏற்காட்டுச் சாலையில் இருக்கும் கோரிமேட்டிலும், நகரின் நடுவே இருக்கும் குகையிலும், ஆத்தூருக்கு அப்பால் உள்ள கெங்கவல்லியிலும் காந்தியின் ‘க’. பள்ளப்பட்டியில் வல்லொலி ‘ப’. லீ பஜாரில் பஸ்ஸின் ‘ப’. கோரிமேட்டுக்கும் கொண்டலாம்பட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விதியும் கண்டுபிடிக்காது. பட்டியலில் சேர்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஊருக்கு வெளியே உருவாகும் மென்பொருளில் இந்தப் பட்டியல் இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை. அதை நிரப்ப உள்ளூர்க்காரர்கள்தான் வேண்டும்.

சகரமும் இப்படியே. சேலம், சூரமங்கலம், செவ்வாய்ப்பேட்டை ஆகியவை இங்கே ‘ஸ’ ஒலியோடுதான் தொடங்குகின்றன. சென்னை ‘ச்ச’ ஒலியோடு தொடங்குகிறது.

ஊர்ப்பெயராவது பட்டியலில் அடங்கும். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருந்தால் பட்டியலும் கைகொடுக்காது:

- பாட்டில்: ‘காலி பாட்டில்’ / ‘அந்தப் பாட்டில் வரும் வரி’.
- பால்: ‘பால் விலை’ / ‘நோ பால்’.
- கேஸ்: ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ / ‘கேஸ் போட்டார்கள்’.
- கதை: ‘பாட்டி சொன்ன கதை’ / ‘பீமனின் கதை’, அதாவது கையில் ஏந்தும் ஆயுதம்.
- பலம்: உடல் வலிமை / பழைய எடையளவு.

இங்கே பக்கத்துச் சொல்தான் வழிகாட்டி. ‘காலி’, ‘உடைந்த’, ‘தண்ணீர்’ என்ற சொற்கள் அருகில் இருந்தால் குப்பி. ‘அந்தப்’ என்று ஒற்று மிகுந்திருந்தால் பாட்டு. கடன் சொல்லின் ஒலிப்புடை ஒலிக்கு முன் பெரும்பாலோர் ஒற்றுப் போடுவதில்லை. ஒற்றை ஒழுங்காகப் போடுவது இங்கே மென்பொருளுக்கும் உதவுகிறது. கேஸ் விஷயத்தில் இரண்டுமே பெயர்ச்சொற்கள். இலக்கண வகை பார்த்துப் பிரிக்க முடியாது. ‘பீமனின் கதை’ மனிதருக்கே இரண்டு பொருள் தரும்.

ஒரு சுவையான நுணுக்கம்: ‘லீ பஜார்’ என்று இடம் விட்டு எழுதினால் ‘ப’ சொல்லின் முதலில் நிற்பதால் வல்லொலி. ‘லீபஜார்’ என்று சேர்த்தால் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்து நாம் விரும்பும் ஒலி தானே கிடைத்துவிடுகிறது. ‘நோபால்’ அப்படியே. எழுதும்போது இப்படிச் சேர்க்கத் தேவையில்லை. உச்சரிப்பு அகராதியில் மாற்று வடிவமாகக் கொடுத்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத தட்டச்சுப் பிழைகள்

பார்வைக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துக்கள் இன்னொரு பெரும் தொல்லை.

1. ‘ஔ’ ஓர் எழுத்து. அதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அப்படியே தெரியும். குரலோ ‘ஒள-வையார்’ என்று ளகரத்தை உச்சரிக்கும். ‘கௌரி’க்குப் பதில் ‘கெ’, ‘ள’ என்று தட்டினால் ‘கெளரி’.
2. ‘எ’ எழுத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணான ‘௭’ விழுந்துவிட்டால் ‘என்’ என்பது ‘ஏழு ன்’ ஆகும்.
3. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தில் தொடங்கியும், 2005-இல் யூனிகோடில், அதாவது எல்லா மொழிகளுக்குமான பொதுக் கணினி எழுத்துக் குறியீட்டில், சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அகராதியில் ஒன்றை மட்டும் சேர்த்தால் மற்றது தப்பிவிடும்.
4. பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு கணினிக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துக்களின் குவியல். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றபிறகும் பழைய எழுத்துருக் கோப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் அழகான தமிழ் அறிவிப்பு. குரலில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்.
5. பி.டி.எஃப். கோப்பிலிருந்து எடுத்த உரையில் ‘சே’ போன்ற எழுத்தின் இடப்பக்கக் கொம்பு பிரிந்து முன்னால் போய்விடும். ‘சேலம்’ அப்போது எந்த விதிக்கும் பொருந்தாது.

இவற்றில் முதல் இரண்டையும் எளிய தேடல் வழியே திருத்திவிடலாம். நான்காவதைத் திருத்த எழுத்துரு மாற்றி வேண்டும்; பி.டி.எஃப்.பை விட மூலக் கோப்பைத் தேடிப் பிடிப்பதே மேல்.

செயற்கை நுண்ணறிவுக் குரல்கள் இதைத் தீர்த்துவிட்டனவா?

எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலை முறைகள் பேச்சின் இயல்பை வெகுவாக உயர்த்தியிருக்கின்றன. பக்கத்துச் சொல் பார்த்து ‘நோ பால்’ போன்றவற்றைப் பிரிப்பதிலும் தேறியிருக்கின்றன. சீராக்கத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கூகுளில் ரிச்சர்ட் ஸ்ப்ரோட்டும் நவ்தீப் ஜேட்லியும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, நரம்பு வலையை மட்டும் நம்பினால் மொத்தத் துல்லியம் உயர்ந்திருந்தாலும் அளவையும் எண்ணையும் தவறாகச் சொல்லும் பிழைகள் இடையிடையே வருகின்றன என்று காட்டியது. அவற்றைத் தடுக்க இலக்கண விதிகளால் ஆன வடிகட்டியை அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். விதிமுறை மென்பொருள் ஒரே தவறை எப்போதும் ஒரே மாதிரி செய்யும், கண்டுபிடித்துத் திருத்தலாம். நரம்பு வலை ஒரு பத்தியில் சரியாகச் சொன்ன சுருக்கத்தை அடுத்த பத்தியில் மாற்றிச் சொல்லக்கூடும். சோதிப்பது கடினமாகிறது.

எங்கே வலிக்கும்?

மழை அளவு பிசகினால் பெரிய கேடில்லை. மருந்துக் குறிப்பில் அப்படியல்ல. ‘.5 மி.லி.’ என்று முன்னால் பூஜ்ஜியம் இல்லாமல் எழுதினால் புள்ளி விழுங்கப்பட்டு ‘ஐந்து’ என்று ஒலிக்கலாம்: பத்து மடங்கு. ‘0.5’ என்று எழுதினால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். ‘1-0-1’ என்பது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். மென்பொருள் அதைக் கழித்தலாகவோ தேதியாகவோ எண்ணலாம். ‘1-2 மாத்திரை’ என்பது ‘ஒன்று இரண்டு மாத்திரை’ ஆகிறது.

நில ஆவணத்தில் ‘புல எண் 112/2அ’ பின்னமாகவும், மலைச்சாலைக் குறிப்பில் ‘வளைவு 11/20’ தேதியாகவோ வகுத்தலாகவோ மாறலாம். ‘3.4.2025’ ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பது மென்பொருளின் நாட்டு அமைப்பைப் பொறுத்தது. பார்வையற்ற ஒருவர் இந்த எழுத்தை வேறு வழியில் சரிபார்க்க முடியாது. குரல் சொல்வதே அவருக்கு ஆவணம்.

செய்யக்கூடியவை

அறிவிப்பும் செய்தியும் எழுதுபவர்களுக்கு:

1. முதல் முறை வரும் இடத்தில் அலகை முழுதாக எழுதுங்கள்: ‘42.6 மில்லிமீட்டர்’. கூடுவது சில எழுத்துக்கள்தான்.
2. பணத்தை ‘6 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்’ என்று எழுதுங்கள். ‘ரூ.’ முன்னால் வருவதால் எழும் வரிசைச் சிக்கலும் இதில் தீர்கிறது.
3. நேரத்துக்குப் புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி: 6:30. கால அளவென்றால் ‘ஆறரை மணி நேரம்’.
4. மாதத்தைச் சொல்லாக எழுதுங்கள்: ‘2025 ஏப்ரல் 3’.
5. சுருக்கத்தில் வாக்கியத்தை முடிக்காதீர்கள். ‘81.87 டி.எம்.சி. ஆக உள்ளது.’ என்று ஒரு வினைச்சொல்லில் முடித்தால் வாக்கிய எல்லை தெளிவு.
6. தொலைபேசி எண்ணை ஐந்தைந்து இலக்கமாக இடம் விட்டுப் பிரியுங்கள்.

ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களுக்கு: விண்டோஸ் கணினிக்கான இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ-வில் இன்சர்ட் விசையோடு என் விசையை அழுத்தினால் பட்டியல் திறக்கும். அதில் பிரிஃபரன்சஸ், பிறகு ஸ்பீச் டிக்‌ஷனரீஸ், பிறகு டீஃபால்ட். ‘ஆட்’ கொடுத்து, முதல் கட்டத்தில் ‘மி.மீ.’, இரண்டாம் கட்டத்தில் ‘மில்லிமீட்டர்’ என்று நிரப்பிச் சேமிக்கலாம். இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். பதிவுகள் மேலிருந்து கீழாகச் செயல்படுகின்றன, எனவே கி.மீ., செ.மீ., மி.மீ. மூன்றையும் சேர்த்த பிறகே தனி ‘மீ.’ சேர்க்கவேண்டும். மாறினால் ‘கி.மீட்டர்’ கேட்கும். அடுத்தது, ‘முழுச் சொல்’ என்ற தேர்வு தமிழில் ஏமாற்றலாம். என்விடிஏ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானின் வழக்கமான தேடல் தொகுதி உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ‘கோரிமேடு’ போல உயிர்க்குறியில் முடியும் சொல்லைக் கொடுத்தால் சொல் எல்லை பிடிபடாமல் பதிவு வேலை செய்யாமல் போகலாம். அப்போது ‘எங்கும்’ என்ற தேர்வைக் கொடுத்து, அந்த எழுத்துத் தொடர் வேறு சொற்களுக்குள் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளவேண்டும். ஐபோனில் அணுகல்தன்மை அமைப்புகளில் பேச்சுக்கான பகுதியில் உச்சரிப்புப் பட்டியல் இருக்கிறது.

செயலியும் வலைத்தளமும் உருவாக்குபவர்களுக்கு: 2004-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த எஸ்.எஸ்.எம்.எல். என்ற குறிமொழி இருக்கிறது. அதில் ‘சே-அஸ்’ குறி ஒரு துண்டு தேதியா, தொலைபேசி எண்ணா என்று சொல்லும். ‘சப்’ குறி திரையில் சுருக்கத்தையும் குரலில் விரிவையும் தரும். ‘ஃபோனீம்’ குறி பன்னாட்டு ஒலிக்குறியில் உச்சரிப்பையே கொடுக்கும். கோரிமேடு, குகை போன்றவற்றுக்கு நேரான தீர்வு இதுவே. எல்லாக் குரல் சேவைகளும் எல்லாக் குறிகளையும் தமிழுக்கு ஏற்பதில்லை. ஏற்காத குறியைச் சில சேவைகள் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு குறியையும் காதால் கேட்டே உறுதி செய்யவேண்டும்.

சோதனைக்கு இந்தக் கட்டுரையின் மாதிரிப் பத்தியோடு, 636601, ‘புல எண் 112/2அ’, ‘.5 மி.லி.’, ‘ஓமலூரில் 5-ம், ஆத்தூரில் 3-ம்’, ‘பெ.நா.பாளையம்’, ‘கோரிமேடு, கொண்டலாம்பட்டி’, ‘அந்தப் பாட்டில், காலி பாட்டில்’ ஆகியவற்றையும் சேர்த்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளலாம். குரலையோ மென்பொருள் பதிப்பையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை முழுதாக ஓடவிட்டு, திரையைப் பார்க்காத ஒருவரைக் கேட்டதைக் கேட்டபடி எழுதச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடவேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பவரின் கண் காதைத் திருத்திவிடும், பிழை தப்பிவிடும்.